காரீய வர்ணமும் வாடகை வீட்டுக் கடமையும்: தூத்துக்குடியை முன்வைத்து ஓர் ஆய்வு

தூத்துக்குடியில் பனிமய மாதா ஆலயத்தைச் சூழ்ந்த தெருக்களிலும் கடற்கரையை ஒட்டிய பண்டகசாலைப் பகுதிகளிலும் இன்றும் நிற்கும் பழங் கட்டடங்களை ஆராயப் புகுவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய விஷயம், அவற்றின் சுவர்கள் பெரும்பாலும் நிரபராதிகள் என்பதே. மன்னார் வளைகுடாத் தீவுகளை அடுத்த கடலில் வெட்டியெடுத்த பவளக் கல்லையும் கரையில் ஒதுங்கிய கிளிஞ்சலையும் சூளையிலிட்டு நீற்றிய சுண்ணாம்பே இக்கரையில் நெடுங்காலம் சாந்தாகவும் வெள்ளையாகவும் பயன்பட்டது; அதில் காரீயக் கலப்புக்கு இடமில்லை. அபாயம் குடிபுகுந்தது கதவிலும் ஜன்னலிலும் இரும்புக் கம்பியிலுமே.

1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் வசமும், 1825-இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமும் சென்ற இத்துறைமுகம் பஞ்சு வியாபாரத்தால் செழித்த பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஐரோப்பிய எண்ணெய் வர்ணங்களில் வெண்மைக்குப் பெரும்பாலும் ஈய வெள்ளையும், இரும்பைத் துருவினின்று காக்கச் செந்நிற ஈயப் பூச்சுமே ஆதாரமாயிருந்தன. பின்னாளில் வந்த எனாமல் வர்ணங்களிலோ பளிச்சிடும் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஈயக் குரோமேட்டு உதவிற்று. உப்புக் காற்று இரும்பை ஓயாது அரிக்கும் ஊரில் சுரண்டுவதும் மறுபடி பூசுவதும் தீராத வேலையாதலால், ஒவ்வொரு முறையும் உப்புத்தாள் கிளப்பும் தூசி தரையில் படிகிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தை, பெரியவர்களைக் காட்டிலும் பன்மடங்கு காரீயத்தை உடலில் ஏற்று, மூளை வளர்ச்சியில் அதன் தண்டனையை அனுபவிக்கிறது. இவ்வளவுக்குக் கீழானால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை.

வீட்டு வர்ணத்தின் காரீயம் குழந்தைகளுக்கு விஷமாகிறது என்ற உண்மையை உலகுக்கு முதலில் எடுத்துரைத்தவர், வெயிலும் கடற்காற்றும் நம்மைப் போலவே அறிந்த பிரிஸ்பேன் நகரத்து மருத்துவர் லாக்ஹார்ட் கிப்ஸன். 1904-இல் அவர், நோயுற்ற குழந்தைகளின் விஷத்துக்கு வீட்டுத் தாழ்வாரக் கம்பிகளின் வர்ணமே மூலம் என்று காட்டினார். 1921-இல் ஜெனீவாவின் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளையைத் தடுக்க உடன்படிக்கை வகுத்தது. மறு ஆண்டே குவீன்ஸ்லாந்து சட்டமும் செய்தது. வீட்டுக்காரரின் கடமையைத் தனியாக வரையறுத்தது 1992-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். காரீய வர்ணம் தடை செய்யப்பட்ட 1978-க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், அதிலுள்ள காரீயத்தைப் பற்றித் தாம் அறிந்ததை ஒளியாமல் வாடகைதாரருக்குத் தெரிவித்தே ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

நம் நாட்டிலோ, விரும்பினால் ஏற்கலாம் என்ற தர நிர்ணயங்களோடு காலம் வெகுவாகக் கழிந்தது. பெங்களூரைச் சேர்ந்த வெங்கடேஷ் துப்பில் முதலிய விஞ்ஞானிகள் இடைவிடாது வலியுறுத்திய பின்னரே, 2016 நவம்பர் 1-இல் மத்திய அரசின் விதி பிறந்து, ஓராண்டு கழித்து அமலுக்கு வந்தது: வீட்டு வர்ணத்தில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் ஆகாது, டப்பாவின் மேல் அதை அச்சிட வேண்டும். இவ்விதி உற்பத்தியாளரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துகிறதேயன்றி, ஏற்கெனவே கதவில் உறைந்து கிடக்கும் பழைய அடுக்குகளைத் தொடுவதில்லை. தொழிற்சாலை வர்ணங்களும் அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன. படகும் தோணியும் நிறைந்த ஊரில், அவற்றுக்கு வாங்கியதில் மிஞ்சிய டப்பா வீட்டுக் கதவுக்குப் போகாது என்று உறுதி கூற எந்த ஏற்பாடும் இல்லை.

மற்றொரு புறம் வாடகைச் சட்டத்தைப் பார்ப்போம். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிதும் வாடகை நிர்ணயத்திலும் வெளியேற்ற வழக்குகளிலும் கவனம் செலுத்தியது. அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்த 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று அட்டவணையிலேயே தெளிவாக்கிற்று. குழாய் வாஷரை மாற்றுவது யார் வேலை என்பது வரை நுணுகி எழுதிய அச்சட்டம், பூசும் வர்ணத்தில் என்ன இருக்கிறது, சுரண்டும் வர்ணத்தில் என்ன இருந்தது என்று வினவவில்லை. சுற்றுச்சூழல் விதி ஒரு துறையிலும் வாடகைச் சட்டம் வேறொரு துறையிலுமாகப் பிறந்து, ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்ததன் பலன் இது.

அவ்வட்டவணையில் வர்ணத்திலுள்ள காரீயத்தைப் பற்றி ஒரே ஒரு வாசகத்தைச் சேர்ப்பது சட்டமன்றத்துக்குக் கடினமான காரியமன்று. அதுவரையில் வீட்டுக்காரர்கள், காரீய அளவு அச்சிட்ட டப்பாவையே வாங்கவும், பழைய வர்ணத்தை உலர்ந்தபடி சுரண்டாமலும் நெருப்பால் பொசுக்காமலும் நீர் தெளித்துத் தேய்க்கச் செய்யவும், வேலை முடிந்து தரையை ஈரத் துணியால் துடைக்கும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறிடத்தில் இருத்தவும் வேண்டுகிறோம்.