வராந்தாக் கைப்பிடிகளில் இருந்த ஈயம்

பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியரும் அவர்கள் குடியேறிய நாடுகளில் வாழ்ந்தவர்களும் வீட்டுக்கு அடித்த வெள்ளை வர்ணத்தில் பெரும்பகுதி ஈயம். மண்பானைகளின் அடியில் வினிகரை ஊற்றி, அதற்கு மேல் காரீயச் சுருள்களை வைத்து, பானைகளைச் சாணத்திலோ தோல் பதனிட்டு மிஞ்சிய மரப்பட்டையிலோ புதைத்துவிடுவார்கள். சாணம் புளித்து எழுப்பும் வெப்பமும் கரியமில வாயுவும் வினிகரின் ஆவியோடு சேர்ந்து ஏறக்குறைய மூன்று மாதங்களில் காரீயத்தை வெண்ணிறச் செதில்களாக மாற்றிவிடும். இதுதான் ஈய வெள்ளை. இதைப் பொடித்து ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் மரத்தில் இறுகப் பற்றிக்கொள்ளும், மழையைத் தாங்கும், பழைய நிறத்தை ஒரே பூச்சில் மறைக்கும். காய்ந்த பூச்சின் எடையில் பாதிக்கும் மேல் ஈயம்தான். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவந்த ஊர்களில் இதற்கு வேலை அதிகம் இல்லை. பலகையால் வீடு கட்டிய நாடுகளில் மாற்றே இல்லாத பொருளாக இது கருதப்பட்டது.

இந்தப் பொருள் நஞ்சு என்பது அதைத் தொட்டு வேலை செய்தவர்களுக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது. பெயின்டர்களுக்கு வரும் கடும் வயிற்றுவலியும், மணிக்கட்டு தொய்ந்து கை தொங்கிப்போவதும் தொழிலோடு வரும் நோய்களாகப் பேசப்பட்டன. பாரிஸ் நகரத்தின் ஷாரிதே மருத்துவமனைக்கு வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து, தான்கெரல் தெ பிளான்ஷ் என்ற மருத்துவர் 1839இல் ஈய நோய்கள் பற்றி விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டில் அதே நகரத்தில் பெயின்டிங் ஒப்பந்தக்காரரான ழான் லெக்ளேர், தம் ஆட்களின் உடல்நலம் கருதி ஈய வெள்ளையை விட்டுவிட்டுத் துத்தநாக வெள்ளைக்கு மாறினார். மாற்றுப்பொருள் அப்போதே கையில் இருந்தது என்பதை அடுத்த நூற்றைம்பது ஆண்டுக் கதை நெடுகிலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஈய வெள்ளை ஆலைகளின் ஆபத்தான பணிகளைப் பெரும்பாலும் ஏழைப் பெண்களே செய்துவந்தார்கள். அந்தப் பணிகளில் பெண்களை அமர்த்துவது 1898இல் தடை செய்யப்பட்டது.

தொழிலாளியைத் தாக்கும் இந்த நோய் தொட்டிலில் கிடக்கும் குழந்தையையும் தாக்கும் என்பது தெரியவந்த இடம் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து. 1890களின் தொடக்கத்தில் பிரிஸ்பேன் குழந்தைகள் மருத்துவமனைக்கு விளங்காத நோயோடு பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். சிலருக்குக் கால் துவண்டிருந்தது. சிலருக்கு வயிற்றுவலியும் மலச்சிக்கலும் வாந்தியும் இருந்தன. சிலர் பார்வையை இழந்துகொண்டிருந்தார்கள். ஆல்பிரட் ஜெஃபரிஸ் டர்னர், கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன் முதலியோர் இது ஈய நஞ்சு என்று கண்டு, 1892இல் சக மருத்துவர்கள் முன் அறிவித்தார்கள். ஈயம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் புரியவில்லை. பிரிஸ்பேன்வாசிகள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்துக் குடித்துவந்ததால் முதலில் தண்ணீர்மீது சந்தேகம் விழுந்தது. ஆனால் அதே தண்ணீரைக் குடித்த பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிப்சன் 1904இல் வெளியிட்ட கட்டுரை விடையைச் சொன்னது: வர்ணம் பூசிய வராந்தாக் கைப்பிடிகளும் அறைச் சுவர்களும்தான் காரணம். குவீன்ஸ்லாந்து வீடுகள் மரத்தூண்கள்மேல் உயர்த்திக் கட்டியவை. சுற்றிலும் அகலமான வராந்தாவும் அதற்கு மரக் கைப்பிடியும் உண்டு. வெயில் சுடும் அந்த ஊரில் பிள்ளைகள் பகலெல்லாம் வராந்தாவில்தான் விளையாடுவார்கள். ஆளிவிதை எண்ணெய் அந்த வெயிலில் சீக்கிரமே சிதைந்துவிட, ஈயம் வெள்ளைப் பொடியாக மேலெழுந்து நிற்கும். அதைத் தொட்ட கையில், ஈரக் கையானால் இன்னும் அதிகமாக, பொடி ஒட்டிக்கொள்ளும். நகம் கடிக்கிற, விரல் சூப்புகிற பிள்ளைகளுக்கே நோய் அதிகம் வந்ததையும் கிப்சன் கவனித்தார். குழந்தை பெயின்ட்டைக் கடித்துத் தின்ன வேண்டியதில்லை, தொட்ட கையை வாயில் வைத்தாலே போதும் என்பதே அவர் கண்டதன் சாரம். இவ்வளவு எளிமையான, இவ்வளவு சரியான ஒரு கண்டுபிடிப்பை உலகம் ஏற்க எழுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது பெரும் துயரம்.

சிறு பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்படுவதற்கு உடலியல் காரணம் உண்டு. ஈயத்தை உடல் சுண்ணாம்புச் சத்தாக எண்ணி உள்ளே விடுகிறது. விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே பெரியவர்களின் இரத்தத்தில் சேரும். வளரும் குழந்தையின் குடல் பாதிவரைகூட உறிஞ்சிவிடும். இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தை இன்னும் அதிகமாக உறிஞ்சும். இரத்தத்தில் சேர்ந்தது மூளை நரம்புகளைப் பாதிக்கும். எலும்பில் தங்கியது பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, பிற்காலத்தில் கருவுற்ற பெண்ணின் இரத்தத்துக்குத் திரும்பவும் வரக்கூடும்.

பிற ஆஸ்திரேலிய மாகாணங்களின் மருத்துவர்களில் பலர் கிப்சன் சொன்னதை நம்பவில்லை. தங்கள் ஊரில் இல்லாத நோய் அங்கு மட்டும் எப்படி வரும் என்று கேட்டார்கள். பதினெட்டு ஆண்டு வாதாட்டத்துக்குப் பின், 1922இல் குவீன்ஸ்லாந்து சட்டம் இயற்றியது. வீட்டின் வெளிப்புறத்தில், தரையிலிருந்து நான்கு அடி உயரத்துக்குள், அதாவது குழந்தையின் கை எட்டும் இடங்களில், ஐந்து சதவீதத்துக்கு மேல் கரையும் ஈயம் கொண்ட பெயின்ட் அடிக்கக் கூடாது. குழந்தையின் உயரத்தை அளவுகோலாக வைத்த சட்டம் என்பதால் அதற்குத் தனிச் சிறப்பு உண்டு. ஏற்கெனவே அடித்திருந்த பூச்சை அது தொடவில்லை. ஆகவே நோய் உடனே நிற்கவில்லை.

இந்தத் தாமதத்தின் விலை என்ன என்பது பின்னால் தெரிந்தது. குவீன்ஸ்லாந்தில் இளவயதிலேயே சிறுநீரகம் பழுதாகி இறப்போர் அசாதாரணமாக அதிகம் என்பதைக் கண்ட ஜார்விஸ் நை, அதைச் சிறுவயது ஈய நஞ்சோடு இணைத்து 1933இல் நூல் எழுதினார். 1915க்கும் 1935க்கும் இடையில் ஈய நஞ்சுக்காகப் பிரிஸ்பேன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 401 குழந்தைகள் பின்னாளில் என்ன ஆனார்கள் என்று ஹெண்டர்சன் என்ற மருத்துவர் தேடிப் பார்த்து, 1954இல் முடிவை வெளியிட்டார். 165 பேர் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனவை சிறுநீரக நோயும் இரத்தக் கொதிப்பும்தான்.

ஐரோப்பாவில் தடைக்கான குரல் தொழிலாளர்களிடமிருந்து எழுந்தது. பிரான்ஸ் 1909இல் ஈய வெள்ளைக்கு எதிரான சட்டத்தை நிறைவேற்றி 1915 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921இல் கட்டடங்களின் உட்புறப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடை செய்யும் உடன்படிக்கையை ஏற்றது. ரயில் நிலையங்கள், தொழிற்கூடங்கள் போன்றவற்றுக்கு அதில் விலக்கு இருந்தது. பெண்களையும் பதினெட்டு வயதுக்குக் குறைந்த ஆண்களையும் ஈயப் பூச்சு வேலையில் அமர்த்துவதையும் அது தடுத்தது. அமெரிக்கா இதில் சேரவில்லை.

அமெரிக்காவில் நடந்தது நேர்மாறு. நேஷனல் லெட் கம்பெனி, கையில் தூரிகையோடு நிற்கும் 'டச்சு பாய்' சிறுவனை 1907 முதல் தன் அடையாளமாக்கி, பிள்ளைகள் வண்ணம் தீட்டி விளையாடும் புத்தகங்கள் வழியாகவும் ஈயப் பெயின்ட்டை விளம்பரம் செய்தது. தொட்டில் கம்பியின் பெயின்ட்டைக் கடித்துத் தின்ற ஒரு குழந்தை இறந்ததை பால்டிமோர் மருத்துவர்கள் தாமஸும் பிளாக்ஃபேனும் 1914இலேயே வெளியிட்டிருந்தார்கள். 1943இல் ராண்டால்ஃப் பையர்ஸும் எலிசபெத் லார்டும், ஈய நஞ்சிலிருந்து 'குணமாகி' வீடு திரும்பிய இருபது பிள்ளைகளைப் பல ஆண்டுகள் கவனித்து, அவர்களில் 19 பேர் பள்ளியில் தேறாமல் தவித்ததைக் காட்டினார்கள். இது போய்த் திரும்பும் நோய் அல்ல, மூளையில் தங்கிவிடும் சேதம் என்பது அப்போது வெளிப்பட்டது. ஈய உற்பத்தியாளர் சங்கமோ குற்றத்தைச் சேரிகளில் வாழும் பெற்றோரின் கவனக்குறைவின்மீதும், கண்டதையும் வாயில் போடும் பிள்ளைகளின் பழக்கத்தின்மீதும் சுமத்திக்கொண்டே இருந்தது. தவழும் குழந்தை எதையும் வாயில் வைப்பது இயல்பு. அந்த இயல்பையே குற்றமாக்கி நஞ்சை விற்றவர்களைக் காத்த வாதம் அது.

பால்டிமோர் நகரம் 1951இல் வீடுகளின் உட்புறத்தில் ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது. நாடு முழுவதுக்குமான தடை 1978இல்தான் வந்தது. பெயின்ட்டில் பத்து லட்சம் பங்குக்கு 600 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றது அது. 2009இல் அந்த வரம்பு 90 ஆனது. இதற்கிடையில் 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன், உதிர்ந்த பால்பற்களில் இருந்த ஈயத்தை அளந்து, நோயின் அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைகளிடமும் ஈயம் கூடக்கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். எச்சரிக்கை அளவும் படிப்படியாக இறங்கியது. 1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம்வரை பொறுக்கலாம் என்றிருந்தது, 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று வந்தது. எழுபதுகளில் தொடங்கிய ஆய்வுகள், பெயின்ட் செதிலைவிட, வர்ணம் பூசிய ஜன்னல் திறந்து மூடும்போது உராய்ந்து உதிரும் நுண்தூசியும், அது ஒட்டிய கையும்தான் முதன்மை வழி என்று நிறுவின. கிப்சன் 1904இல் சொன்னதும் இதுவேதான். ஈயப் பெயின்ட் நிறுவனங்கள்மீது கவுண்டிகளும் நகரங்களும் 2000இல் தொடங்கி நடத்திய ஒரு வழக்கு கலிபோர்னியாவில் 2019இல் சமரசமாக முடிந்தது. மூன்று நிறுவனங்கள் 30.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன.

தமிழ்நாட்டில் சுவருக்குச் சுண்ணாம்பும் பின்னர் டிஸ்டெம்பரும் அடிப்பதே வழக்கமாக இருந்தது. எண்ணெய்ப் பெயின்ட் கதவு, ஜன்னல் கம்பி, கேட், பிள்ளைகளின் தொட்டில், விளையாட்டுச் சாமான் ஆகியவற்றின் வழியாக வீட்டுக்குள் வந்தது. இங்கே ஈயம் வெள்ளை நிறத்தைவிட மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களில், குரோம் மஞ்சள் என்னும் ஈயக் குரோமேட்டாகவும், பூச்சைச் சீக்கிரம் உலர வைக்கும் கலவையாகவும், இரும்புக்கு அடிக்கும் செவ்வீயப் பிரைமராகவும் இருந்தது. ஜார்ஜ் அறக்கட்டளை 1990களின் இறுதியில் சென்னை, வேலூர் உள்ளிட்ட நகரங்களில் நடத்திய இரத்தப் பரிசோதனையில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் ஈய அளவு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு வாகனப் புகையினுடையது. ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. பெயின்ட்டுக்கான தரம் நெடுநாள் விருப்பத்தின்பேரில் பின்பற்றுவதாகவே இருந்தது. 2016 நவம்பரில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த விதிகள்தான் வீட்டு, அலங்காரப் பெயின்ட்களுக்கு 90 என்ற வரம்பைக் கட்டாயமாக்கின. அதை டப்பாவின் மேல் அச்சிடவும் வேண்டும். இலங்கை இதற்கு முன்பே 2011இல் விதி வகுத்திருந்தது. இந்திய விதிகள் தொழிற்சாலைப் பெயின்ட்களைத் தொடவில்லை.

எந்த விதியும் பழைய பூச்சுக்குள் போய் ஈயத்தை எடுத்துவிடாது. விதிகள் வருவதற்கு முன் எனாமல் அடித்த கதவும் கம்பியும் அப்படியே நிற்கின்றன. பூச்சு உரியாமலும் உராயாமலும் இருக்கும்வரை அதிக ஆபத்து இல்லை. மறுபடி வர்ணம் அடிக்க உப்புத்தாளால் உலர்வாகத் தேய்க்கும்போதும், தீச்சுடர் காட்டி உரிக்கும்போதும்தான் ஈயத் தூசியும் புகையும் வீடெல்லாம் பரவுகின்றன. தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்ப்பது, அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு இடத்தில் தங்க வைப்பது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, சுரண்டியதை மண்ணில் கொட்டாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துவது ஆகியவை உலகெங்கும் சொல்லப்படும் வழிகள். வேலை செய்யும் பெயின்டருக்கு முகக்கவசமும், சாப்பிடும் முன் கைகழுவச் சோப்பும், மாற்று உடையும் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. அந்தத் தூசி அவர் சட்டையில் ஒட்டி அவர் வீட்டுக் குழந்தையிடமும் போய்ச் சேரும்.