கொட்டாஞ்சேனைக்கு வடக்கே ஒரு சேற்று நிலம்

கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரம், மட்டக்குளி தாண்டிக் களனி கங்கைப் பாலத்தைக் கடந்தால் கம்பஹா மாவட்டம் தொடங்கிவிடும். அங்கிருந்து வடக்கே நீர்கொழும்புக் களப்பு வரை, கடலோரத்தை ஒட்டி நீண்டு கிடக்கிறது முத்துராஜவெல. 3,000 ஹெக்டேயருக்கும் சற்று அதிகமான சதுப்பு நிலம். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு அதிவேக நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இதன் ஊடாகத்தான் போகிறார்கள். வாகனக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆள் நடமாட்டமில்லாத புல்வெளி போலத் தெரியும். ஆனால் மனிதர் கை படாத நிலம் அல்ல அது. பல நூறு வருடங்களாக ஒவ்வொரு ஆட்சியும் இதைத் 'திருத்த' முயன்றிருக்கிறது.

கோட்டை இராச்சியக் காலத்தில் இங்கே நல்ல நெல் விளைந்ததாகச் சொல்வார்கள். ஒல்லாந்தர் காலத்தில் நீர்கொழும்புக்கும் கொழும்புக்கும் இடையே கறுவாவும் பிற சரக்குகளும் கால்வாய் வழியாகப் படகில் வந்தன. கால்வாய் சரக்கை மட்டும் கொண்டுவரவில்லை. கடல் ஏறும் நேரத்தில் உவர்நீரும் அதே வழியால் உள்ளே ஏறியது, வயல் கெட்டது. பின்வந்த ஆங்கிலேயர், உப்பு நீரை வடித்துவிடலாம் என்று 1802இல் இன்னொரு கால்வாய் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். வருவாய், வணிகத் துறை அதிகாரியாக இருந்த கவின் ஹமில்டனின் பெயரில் இன்றும் ஹமில்டன் கால்வாய் என்றே அழைக்கப்படும் அது 14.5 கிலோமீட்டர் நீளம். வேலை முடிந்தது, உப்பு போகவில்லை. கைவிட்ட வயலில் கோரையும் நாணலும் கண்டலும் பிடித்துக்கொண்டன.

அதன் பிறகு நகரம் தனக்கு இடம் தேடும்போதெல்லாம் இந்தப் பக்கம் திரும்பியது. 1990களில் தெற்கு முனையில் கெரவலப்பிட்டிப் பகுதி கடல் மணல் கொட்டி நிரப்பப்பட்டது. அனல் மின் நிலையம் வந்தது. 2013இல் நெடுஞ்சாலை திறந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து உயிர்களைப் பறித்த பிறகு, கொழும்பின் குப்பையும் கெரவலப்பிட்டிக்குத்தான் போனது. கொட்டாஞ்சேனை வீடுகளின் குப்பையும் அதில் சேர்த்திதான்.

வடக்குப் பகுதி மட்டும் 1996இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர்கள் இந்தச் சதுப்பில் 192 தாவர இனங்களையும் 209 முதுகெலும்பு உயிரினங்களையும் பதிவு செய்தார்கள்; அவற்றில் 102 பறவைகள். தலைநகருக்கு இத்தனை பக்கத்தில் உவர்நீர் முதலை வாழ்வது சின்ன விஷயமல்ல.

2003இல் வெளிவந்த ஒரு பொருளாதார மதிப்பீட்டை இங்கே நிறுத்தி வாசிக்க வேண்டும். முத்துராஜவெல ஆண்டுக்கு ஏறத்தாழ 72 கோடி ரூபாய் பெறுமதியான பயன் தருகிறது என்று அது கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, வெள்ளத்தை வாங்கி வைத்து மெல்ல விடுவதால் வருவது. அடுத்து வருவது கழிவுநீரைச் சுத்திகரிப்பது. பொழுதுபோக்கும் சுற்றுலாவும் ஒரு வீதத்துக்கும் குறைவு. சுற்றுலாவை வளர்த்தால் சதுப்பு பிழைக்கும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும். படகுக் கட்டணத்துக்காக எந்தக் கரையையும் வெட்டவோ நிரப்பவோ கூடாது. அந்த வியாபாரம் எப்படிப் பார்த்தாலும் நட்டம். 2021இல் இந்த நிலத்தை நகர அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் கொண்டுவர அரசு முனைந்தபோது, கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் வெளிப்படையாக எதிர்த்தார். கரையோர மீனவக் கிராமங்கள் பெரும்பாலும் கத்தோலிக்கக் கிராமங்கள். சதுப்பு போனால் களப்பின் மீனும் போகும் என்பது அந்த மக்களுக்குத் தெரியும்.

பமுனுகம பக்கத்தில் ஹமில்டன் கால்வாயிலிருந்து படகில் போகலாம். முதலில் வீடுகள், கட்டிவைத்த மீன்பிடி வள்ளங்கள். பிறகு கால்வாய் அகன்று கண்டல் நெருங்கும். கரையில் கபரகொய்யா வெயில் காயும், நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்தும். படகு வேகமாகப் போனால் அலை கரை மண்ணை அரிக்கும், கூட்டிலிருக்கும் பறவை எழும்பிவிடும். மெதுவாகப் போகச் சொல்லிப் படகோட்டியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பறவை கண்ட இடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லலாம். குரங்குக்கு பிஸ்கட் போடக் கூடாது. தண்ணீர்ப் போத்தலும் பொலித்தீன் பையும் வீடு திரும்பியே ஆக வேண்டும்.

வெள்ளவத்தைக்காரருக்கு இதைவிடக் கிட்டவே ஓர் ஈரநிலம் உண்டு. கோட்டே சதுப்புகளின் நீர் கிருலப்பனைக் கால்வாயில் சேர்ந்து வெள்ளவத்தையில் கடலுக்குப் போகிறது. அந்தச் சதுப்புகளையும் கணக்கில் எடுத்துத்தான், 2018இல் ரம்சார் மாநாடு உலகின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்பை அங்கீகரித்தது. அங்கே பெத்தகான பூங்காவில் மரப்பலகை நடைபாதையில் நடந்தே சதுப்பைப் பார்க்கலாம், படகு தேவையில்லை. சின்னப் பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிப்போய், சத்தம் போடாமல் பறவை பார்க்கப் பழகிய பிறகு முத்துராஜவெலவுக்கு அழைத்துப் போகலாம்.