நின்ற வண்டியில் ஓடும் யந்திரம்

மேட்டில் பாரம் இழுப்பதே மோட்டார் யந்திரத்துக்குக் கடினமான காரியம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. ஆனால் வண்டி நிற்கையில், வேறு வேலை யாதொன்றும் இன்றித் தன் சொந்த உராய்வை மட்டும் வென்றுகொண்டு, நிமிஷத்துக்கு 700, 800 சுற்றுகளில் அணையாமல் ஓடிக்கொண்டிருப்பது அதனினும் பெரிய பரீட்சை. அந்நிலையில் உள்ளே புகும் காற்று சொற்பம்; அதனோடு கலக்கும் பெட்ரோல் மிகச் சொற்பம். ஆகையால் வேகமாக ஓடும்போது கவனத்துக்கே வராத அற்பக் குறைகூட, சுழற்சி தளர்ந்த பம்பரத்தைச் சிறு கல் சாய்த்துவிடுவதுபோல, யந்திரத்தை நிறுத்திவிடுகிறது. பணிமனைகளில் ‘ஸ்லோ நிற்கவில்லை’ என்று சொல்லப்படும் இக்கோளாற்றின் சரித்திரம் பெட்ரோல் வண்டியின் சரித்திரத்தோடு பிணைந்தது.

கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில், எரிபொருளின் மேற்பரப்பைத் தழுவிச் செல்லும் காற்று அதன் ஆவியை ஏந்திக்கொள்ளும் எளிய அமைப்பே இருந்தது. 1888-இல் அவர் மனைவி பெர்த்தா, இரு புதல்வர்களுடன் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் பிரயாணம் செய்தபோது எரிபொருள் குழாய் அடைத்துக்கொள்ள, தொப்பி ஊசியால் அதைக் குத்திச் சீர்செய்தார் என்பது பிரசித்தம். 1893-இல் வில்ஹெல்ம் மைபாக், காற்றோட்டத்தின் இழுப்பினால் ஜெட் என்ற நுண்துளை வழியே பெட்ரோல் தெளிக்கப்படும் கார்புரேட்டரை அமைத்தார். வேகத்துக்கு உகந்த இவ்வமைப்பு, காற்று மந்தமாகும்போது இழுப்புக் குன்றிப் பிரதான ஜெட்டில் பெட்ரோல் வராமையால், ஸ்லோவுக்கு உதவவில்லை. ஆகவே, காற்றை அளவிட்டு விடும் த்ராட்டில் தகடு மூடியிருக்கையில் சிலிண்டர்களின் பக்கமாக உண்டாகும் பலத்த வெற்றிடத்தை உபயோகித்துக்கொண்டு, அவ்விடத்தில் வாய்திறக்கும் பிரத்தியேகமான சிறு வழியும் அதற்கென ஒரு சிறு ஜெட்டும் பிற்காலக் கார்புரேட்டர்களில் வைக்கப்பட்டன. கைப்பிடியைச் சுழற்றி யந்திரத்தைக் கிளப்பிய அக்காலத்தில், அது எதிரடித்து மணிக்கட்டு முறிவதும் உண்டாதலால், நின்ற இடத்தில் யந்திரம் அணையாதிருப்பது சௌகரியத்தோடு க்ஷேமத்துக்கும் அவசியமாயிற்று. 1912-இல் காடிலாக் வண்டிகளில் இடம்பெற்ற சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் அந்த அபாயத்தைப் போக்கிற்று. ஆனால் ஸ்லோ நிற்காத கோளாறு இருந்துகொண்டேதான் இருந்தது.

தமிழ்நாட்டுப் பணிமனைகள் ஸ்லோவை நிலைநிறுத்தும் வித்தையை அம்பாஸிடர், ஃபியட், சென்னைக்கருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய வண்டிகளில் பயின்றன. தேர்ந்த மெக்கானிக் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரில் கை வைப்பதில்லை. முதலில் பிளக்குகளைக் கழற்றி, கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் காற்று மிகுதி என்றும் ஊகித்து, பற்றவைப்புப் பாயின்ட்டின் இடைவெளியையும் வால்வுகளின் இடைவெளியையும் ஃபீலர் கேஜால் அளந்து சரிசெய்வார். ஓடும் யந்திரத்தில் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாக விலக்கும்போது, எதை விலக்கியும் ஓட்டத்தில் மாறுதல் தெரியவில்லையோ அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. காற்றைக் குறைக்கும் சோக்கைச் சற்று இழுத்தவுடன் ஓட்டம் நிலைத்தால், எங்கோ காற்று மிகுதியாகப் புகுகிறது, அல்லது பெட்ரோல் வழி அடைத்திருக்கிறது; மேனிஃபோல்டின் இணைப்பில் எண்ணெயைச் சொட்டவிட்டு, யந்திரம் நிதானப்படும் இடத்தில் கேஸ்கட் பழுது என்று துணிவார். ஸ்லோ ஜெட் அடைத்திருந்தால், கம்பியால் குத்துவது துவாரத்தை அகலமாக்கிவிடுமாதலால், காற்றை ஊதியே சுத்தம் செய்வார். இவ்வளவும் முடிந்த பிறகே ஸ்லோ ஸ்க்ரூவையும் மிக்ஸர் ஸ்க்ரூவையும் மாறிமாறித் திருப்பி, யந்திரத்தைக் காதால் கேட்டு நிலைநிறுத்துவார்.

புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் இவ்விஷயத்துக்குப் புதிய முக்கியத்துவம் அளித்தன. 1960-களில் அமெரிக்க வண்டிகளில், கிராங்க் கேஸின் ஆவியை வெளியே விடாமல் திரும்பவும் சிலிண்டர்களுக்கே அனுப்பும் வால்வு பரவலாயிற்று. அது அழுக்கேறித் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் வேண்டாத காற்று புகும். இவ்வாறு சுத்தத்துக்காக வந்த சாதனமே ஸ்லோவைக் கெடுக்கும் காரணங்களில் ஒன்றாயிற்று. இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டி ஸ்லோவில் ஓடும்போது வெளிவரும் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தை மிகலாகாது என்று வரையறுத்தன. பெட்ரோலை அதிகமாகக் கொடுத்து யந்திரம் அணையாமல் ஒப்பேற்றும் பழைய உபாயத்துக்கு அதன்பின் இடமில்லை.

இதற்குள் 1967-இல், ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு மின்சாரத்தால் பெட்ரோலை அளந்து பீய்ச்சத் தொடங்கியிருந்தது. 1983 டிசம்பரில் கார்புரேட்டருடன் வெளிவந்த மாருதி 800-உம் பிற்காலத்தில் அம்முறைக்கு மாறிற்று. அதன்பின் ஸ்லோவைப் பேணும் பொறுப்பு திருகாணியிடமிருந்து கம்ப்யூட்டருக்குச் சென்றது. அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமான ஓ.பி.டி. 2 முறையில், ஸ்லோவைப் பேணும் அமைப்பு பிழைத்தால் பி0505 என்ற குறியீடு பதிவாகிறது. ஆயினும் த்ராட்டில் பாடியில் கரி படிந்ததா, ரப்பர் குழாய் வெடித்ததா, மின்சார இணைப்பு தளர்ந்ததா என்பதை அக்குறியீடு பிரித்துச் சொல்லுவதில்லை.

ஆகவே ஸ்கேனரைக் கையிலெடுக்கும் இளைஞர்கள், பற்றவைப்பு, காற்று, பெட்ரோல் என்று ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கிய முன்னோரின் கிரமத்தையும் கற்றுக்கொள்வது நல்லது. வெடித்த குழாயைப் பார்க்காமல் ஸ்லோவைப் பேணும் விலையுயர்ந்த வால்வை மாற்றினால், பணம் செலவாகும், வண்டி அடுத்த சிக்னலிலேயே அணையும்.