பிள்ளை, சுப்பையா சிவசங்கரநாராயண (1901–1950)

எண் கோட்பாட்டறிஞர். கணித உலகில் எஸ். எஸ். பிள்ளை என்று அறியப்படுபவர். இராமானுசனுக்குப் பின் தமிழ்நாடு தந்த எண் கோட்பாட்டறிஞர்களில் தலையாயவர்.

குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்தார். ஒரு வயதில் தாய் கோமதி அம்மாளை இழந்தார். உறவுக்கார மூதாட்டி ஒருவர் வளர்த்தார். பள்ளி இறுதியாண்டில் தந்தையும் மறைந்தார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் செலவை ஏற்றிராவிட்டால் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் பயின்றபின், 1927இல் சென்னையில் ஆனந்த ராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆய்வைத் தொடங்கினார். 1929 முதல் 1941 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவருடைய பெருஞ்சாதனைகள் சிதம்பரத்தில் இருந்த இந்த ஆண்டுகளில் விளைந்தவை.

1770இல் எட்வர்டு வேரிங் ஒரு கேள்வி எழுப்பினார்: எந்த முழு எண்ணையும் குறிப்பிட்ட ஓர் அடுக்கின் எண்களைக் கூட்டிப் பெற, அதிகபட்சம் எத்தனை எண்கள் வேண்டும்? வர்க்கங்களுக்கு 4, கனங்களுக்கு 9. ஆறாம் அடுக்குக்கு 703ஐ எடுத்துக்கொள்வோம். 3இன் ஆறாம் அடுக்கு 729. அது 703ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 64களையும் 1களையும் கொண்டே கூட்ட வேண்டும். 64 பத்து முறை, 1 அறுபத்துமூன்று முறை, ஆக 73 எண்கள். வேறெந்த எண்ணுக்கும் இதற்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதே கடினம். அதைப் பிள்ளை 1940இல் நிறுவினார். ஏழு முதலான அடுக்குகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட பொதுச் சூத்திரத்தை 1936இலேயே தந்துவிட்டார். அமெரிக்கரான டிக்சனும் அக்காலத்தில் தனியே இதே முடிவை எட்டினார். ஆயினும் முதல் உரிமை பிள்ளைக்கே உரியது. அந்த நிபந்தனை 47 கோடியே 16 லட்சம் வரையான அடுக்குகளுக்குப் பொருந்துவதைக் கணினிக் கணக்கீடு 1990இல் காட்டியது.

அடுத்தடுத்த முழு எண்கள் பதினாறு வரை எடுத்தால், மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாத ஓர் எண் அவற்றுள் கட்டாயம் இருக்கும் என்பதும் இவர் கண்டதே.

பின்னர் திருவிதாங்கூரிலும் கல்கத்தாவிலும் பணியாற்றினார். பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் அழைப்பை ஏற்று அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர், 1950 ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். விமானத்தில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இவருடைய ஆய்வுகள் 2010இல் தொகுத்து வெளியிடப்பட்டன. அடுக்கு எண்களின் வேறுபாடு குறித்த பிள்ளை கருதுகோள் இன்னும் நிறுவப்படவில்லை.