நாய் வளர்ப்பின் இரண்டு கணக்கேடுகள்: வண்டூரை முன்வைத்து

தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதே மாதம் 22ஆம் நாள் அவ்வாணை திருத்தப்பட்டு, கருத்தடையும் தடுப்பூசியும் செய்யப்பட்ட நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றானது. அதனையொட்டி எழுந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. இதற்கிடையே, அவ்விவாதத்தோடு தொடர்பில்லாதது போலத் தோன்றும் மற்றொரு வகைப் பதிவுகளும் நம் பார்வைக்கு வருகின்றன: ஒரு நாய் வளர்க்க மாதம் எவ்வளவு ஆகும்? உணவுக்கு இவ்வளவு, தடுப்பூசிக்கு இவ்வளவு, மருத்துவருக்கு இவ்வளவு, உரிமத்திற்கு இவ்வளவு.

இவ்விரு உரையாடல்களும் ஒன்றே என்பது இப்பதிவின் வாதம். நாய் வளர்ப்பிற்கு இரண்டு கணக்கேடுகள் உண்டு. முதலாவது வீட்டில் எழுதப்படுவது. இரண்டாவது யாரும் எழுதாதது. வீட்டார் செலுத்தத் தவறிய தொகை, ஊருக்கோ காட்டுக்கோ கடற்கரைக்கோ இடம்பெயர்ந்து அங்குக் கழிக்கப்படுவது. பெருநகரில் இந்த இரண்டாம் ஏட்டைப் படிப்பது கடினம். தீவில் அத்தனை கடினமில்லை. ஆகவே தெற்கு அந்தமானின் வண்டூரை எடுத்துக்கொள்கிறேன்.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழில் நாயை நாம் பெரும்பாலும் 'உடைமையாக' வைத்திருப்பதில்லை, 'வளர்க்கிறோம்'. வளர்தல் தன்வினை, வளர்த்தல் பிறவினை. பிள்ளை, பயிர், வேள்வித் தீ ஆகியவற்றிற்கும் இதே வினைதான். மூன்றிலும் தொடர்ந்து ஏதேனும் இடவேண்டும். இடுவதை நிறுத்தினால் வினையே முறிந்துவிடும். வாங்கும் விலை இச்சொல்லுக்குள் இல்லை, இடும் கடமை இருக்கிறது. 'வளர்ப்பு நாய்', 'தெருநாய்' என்ற பாகுபாடும் இதன் வழியே புரியும்: தெருநாய் என்பது ஓர் இனமன்று, அந்த வினை செய்யப்படாமல் விடப்பட்ட நிலை.

நாயின் பொருட்டு ஆன செலவைச் சமூகம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட சான்றுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகளில் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள, முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், வீரனோடு அவனுடைய நாயையும் உருவமாகக் காட்டுகிறது. கோவிவன் என்ற அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதை எழுத்திலும் பொறித்து வைத்தனர். கர்நாடகத்தின் ஆதகூர்க் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்ததைக் கூறும் அதே கல்லில், காளி என்ற வேட்டைநாயின் செய்தியும் உள்ளது. மணலேரன் என்ற வீரன் பரிசாக வேண்டிப் பெற்ற நாய் அது. காட்டுப்பன்றியோடு பொருது, பன்றியும் தானுமாக மடிந்தது. அதன் நினைவுக்கல்லுக்கு வழிபாடு நடத்த நிலம் விடப்பட்டது. அவ்வழிபாட்டைச் செய்யாமல் உண்ணும் பூசகருக்குப் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தனர். கி.பி. 949-950இல் ஒரு நாய்க்கென ஒதுக்கப்பட்ட வருவாய் இது. செலவு எவருடையது, எந்த நிலத்திலிருந்து வருகிறது, தவறினால் என்ன என்ற மூன்றும் அதில் உள்ளன.

நவீன அரசுகள் வேறு வழியை நாடின. பிரிட்டன் 1796இல் நாய்வரி விதித்தது. பின்னர் அது உரிமக் கட்டணமாக மாறி, 1987இல் ஒழிக்கப்படும்போது வெறும் 37 பென்சாக நின்றது. அதனால் கிடைத்த வருவாயைவிட அதை வசூலிக்கும் செலவு மிகுதி என்ற நிலை. நியூசிலாந்தின் ஓக்கியாங்காவில் 1898இல் மாவோரி மக்கள் நாய்வரியை எதிர்த்து ஆயுதமேந்தும் அளவுக்குச் சென்றனர். நாயைக் கொண்டு வேட்டையாடி வாழ்ந்தவருக்கு அவ்வரி அவர்தம் வாழ்வின் மீதான வரியாகவே தோன்றியது. பம்பாயில் வரிக்குப் பதில் கொலைக்கூலி: நாயொன்றுக்கு எட்டணா. உரியவர் உள்ள நாய்களும் அதில் சிக்கியபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் 1832 ஜூனில் கிளர்ந்தெழுந்தனர். வரியாயினும் கூலியாயினும், வீட்டு ஏட்டில் எழுதப்படாத தொகையை வசூலிக்க அரசு செய்த முயற்சிகளே இவை.

இனி அந்தமானுக்கு வருவோம். வண்டூர் என்ற பெயரே இங்குப் பிறந்ததன்று. மலபாரின் ஏறநாட்டில் ஒரு வண்டூர் உண்டு. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தம் ஊர்ப் பெயர்களைத் தெற்கு அந்தமானில் மீண்டும் நட்டனர். மஞ்சேரி, திரூர், மண்ணார்க்காடு ஆகியனவும் அவ்வாறு கடல் கடந்தவையே. பெயர் வந்ததைப் போலவே நாயும் வந்ததுதான். 1858 மார்ச்சில் தண்டனைக் குடியேற்றம் போர்ட் பிளேரில் நிலைபெறும்வரை அந்தமானியப் பழங்குடிகளிடம் நாய் இல்லை. வில்லும் காலடித் தடமும் காதும் கொண்டே அவர்கள் காட்டுப்பன்றியை வேட்டையாடினர். தமிழ், மலையாளம், கன்னடம், துளு ஆகிய மொழிகளில் 'நாய்' ஒரே வேரிலிருந்து கிளைத்த பழஞ்சொல்லாக இருக்க, அந்தமானிய மொழிகளில் நாயைக் குறிக்கும் எந்தச் சொல்லும் அண்மையில் ஆக்கப்பட்டதாகவோ, கடன் பெறப்பட்டதாகவோ, பொருள் விரிந்ததாகவோதான் இருக்க இயலும்.

குடியேற்றத்தின் வழியாக வந்த நாயைப் பெரிய அந்தமானியர் விரைவில் ஏற்றனர். 1906-08இல் கள ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுனின் காலத்தில் அது பன்றி வேட்டையின் இயல்பான துணையாகிவிட்டது. 1950களில் ஓங்கே மக்களிடையே வாழ்ந்த இத்தாலிய மானிடவியலாளர் லிதியோ சிப்ரியானியும் சிறிய அந்தமானில் நாய்களைக் கண்டார். வேட்டை எளிதானது. ஆனால் நாயின் விலையைப் பன்றிகள் கொடுத்தன. அவ்விலங்கு இத்தீவுகளில் அதுவரை நாயைச் சந்தித்ததே இல்லை. இங்கு ஒரு முரணையும் பதிவு செய்ய வேண்டும். நாய்கள் பெருகிய அதே காலத்தில் அவற்றின் தலைவர்கள் அருகினர். பெரிய அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1931இல் 90 பேர். 1961இல் 19 பேர். இதற்குக் காரணம் நாய் அன்று. குடியேற்றம் கொணர்ந்த நோய்களே முதன்மைக் காரணம். எனினும் ஒரு புதிய உயிர் தீவில் இறங்கும்போது அதனோடு வரும் பிறவற்றை எவரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை என்பதற்கு இக்காலம் சான்று.

இன்றைய வண்டூர் போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 1983இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்காவின் 15 தீவுகளுக்கு வாயில் இதுவே. சென்னை முதலைப் பண்ணை அறக்கட்டளையின் கிளையாகத் தொடங்கிய அந்தமான் நிக்கோபார் சுற்றுச்சூழல் குழுவின் கள நிலையமும் வடக்கு வண்டூரில் இருக்கிறது. இத்தீவுகளில் கடலாமைகளை ஆய்ந்தோர், சத்தீஷ் பாஸ்கர் தொடங்கி, திரும்பத் திரும்பப் பதிவு செய்த இடர்களுள் ஒன்று நாய். பங்குனி ஆமை ஒரு கூட்டில் நூறளவில் முட்டையிடும். குஞ்சு பொரிய 45 முதல் 60 நாள். ஆமை மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அதன் காவல் முழுவதும் அந்த மணல்தான். பசித்த நாயின் மூக்கிற்கு அது ஒரு காவலே அன்று, ஓரிரவு போதும். பத்தாண்டுக்கு மேல் வளர்ந்து கரை திரும்பிய ஓர் ஆமையின் அந்தப் பருவத்து உழைப்பு, எவரோ ஒருவர் மிச்சப்படுத்திய ஒரு வேளைச் சோற்றுக்கு ஈடாகிவிடுகிறது. இரண்டாம் கணக்கேட்டின் ஒரு பக்கம் இது.

அவ்வேட்டில் சுழியமாக நிற்கும் ஒரு வரியும் உண்டு. இந்தியா முழுதும் வெறிநோய் நிலைகொண்டிருக்க, அந்தமான் நிக்கோபாரும் லட்சத்தீவும் மட்டுமே விலக்கு என்று 2021இல் வெளியான தேசியச் செயல்திட்டம் குறிப்பிடுகிறது. இச்சுழியத்தின் மதிப்பைத் தமிழகத்தாருக்கு விளக்கத் தேவையில்லை. நாய்க்கடிச் சிகிச்சை தென்னிந்தியாவில் கிடைக்காத நிலையில், 1902இல் லில்லி பக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் வெறிநோயால் இறந்தார். அதன் எதிரொலியாகவும் அமெரிக்கர் ஹென்றி ஃபிப்ஸின் நன்கொடையாலும் 1907இல் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. 'தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி' என்று நம் முந்தைய தலைமுறை அஞ்சிய செம்பிள் தடுப்பூசி, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் இந்தியாவில் கைவிடப்பட்டது. வண்டூர் இச்செலவைச் செய்யாமல் இருப்பதற்குக் காரணம், சென்னைக்கும் அதற்கும் இடையே உள்ள ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடல். ஆனால் கப்பலில் ஏறும் ஒரே ஒரு நோயுற்ற நாய் அச்சுழியத்தை அழித்துவிட இயலும். நோய் வெளிப்படாமல் பல வாரங்கள், சில வேளை பல மாதங்கள், உடலில் உறங்கக்கூடியது. நிலப்பகுதியிலிருந்து நாயைக் கொண்டுசெல்வோரின் முதற்செலவு தடுப்பூசியே என்பது இதனால்தான். எலிக்காய்ச்சலோ இத்தீவுகளில் சுழியமன்று. 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்டது உண்மையில் இந்நோயே என்பது பின்னர் நிறுவப்பட்டது. நாய்களும் இதனைச் சுமப்பவை. ஆகவே இதற்கான தடுப்பூசியும் வண்டூர்ப் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

இவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு முதற்கணக்கேட்டைத் திருத்தி எழுதிப் பார்க்கலாம். 15 கிலோ எடையுள்ள நாட்டுநாய் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 கிராம் அரிசியும் 100 கிராம் மீனும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டிற்கு 73 கிலோ அரிசி, 36.5 கிலோ மீன். 12 ஆண்டு வாழ்ந்தால் 876 கிலோ அரிசி, 438 கிலோ மீன். விலை ஊருக்கு ஊர் மாறும்; எடை மாறாது. எனவே ரூபாயில் கணக்கிடுமுன் கிலோவில் கணக்கிடுவது நேர்மையானது. இவற்றோடு ஆண்டுதோறும் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணிக்கான மருந்து, மருத்துவரிடம் சென்றுவரும் வண்டிச் செலவு, எதிர்பாராத நோய்க்கு ஒரு சேமிப்பு.

வழக்கமான பட்டியல்களில் விடுபடுபவை இரண்டு. ஒன்று, கருத்தடை. வாழ்நாளில் ஒரே முறை வரும் இச்செலவுதான் இரண்டாம் ஏட்டின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. தவிர்த்தால் அடுத்த ஈற்றுக் குட்டிகளின் 876 கிலோ அரிசியை எவர் தருவார் என்ற கேள்விக்கு ஊரும் கடற்கரையும் விடை சொல்லும். மற்றொன்று, பிரிவுச் செலவு. தீவுகளுக்குப் பணிநிமித்தம் வருவோர் பலர். பணியிட மாறுதலில் திரும்புவோரும் பலர். திரும்பும்போது நாயையும் உடன் கொண்டுசெல்லும் கப்பல் கட்டணமோ, நம்பகமான ஒருவரிடம் ஒப்படைத்து அதன் உணவுக்குத் தரும் தொகையோ முதல் நாளிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

நாய் விற்ற காசு குரைக்காது என்பது பழமொழி. நாய்க்குச் செலவிடாத காசும் குரைப்பதில்லை என்பதே இங்குள்ள சிக்கல். அது நம் சட்டைப்பையில் ஓசையின்றி இருக்கிறது. குரைப்பு வேறெங்கோ கேட்கிறது.

சூழலியல் வரலாறு, விலங்கு வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு பரிந்துரை. நகராட்சி வரவுசெலவு அறிக்கைகள், பாஸ்டர் நிறுவன ஆண்டறிக்கைகள், கடலாமைக் கணக்கெடுப்புகள் ஆகியன இதுவரை தனித்தனியே படிக்கப்பட்டு வருகின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் படித்தால் தமிழ்நாட்டுக்கும் அந்தமானுக்கும் இந்த இரண்டாம் கணக்கேட்டை எழுதிவிட இயலும். நாய் வளர்க்க எண்ணுவோருக்கும் ஒரு சொல்: பத்தாம் நூற்றாண்டு ஆதகூரில் ஓர் இறந்த நாய்க்கு நிலம் ஒதுக்கினார்கள். உயிரோடு இருக்கும் நாய்க்கு 12 ஆண்டுக்குரிய அரிசியை நாம் ஒதுக்க இயலுமா என்று முதலில் எண்ணிப் பார்க்கலாம். இயலாது என்பதும் மதிக்கத்தக்க விடையே. அவ்விடையால் எந்த ஆமையும் முட்டை இழப்பதில்லை.