கத்திரி வெயிலும் முள்ளுக் கத்திரியும்

அக்னி நட்சத்திரம் முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வேலூரில் காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. அதனால் ஆறு மணிக்கே வாளியோடு மேலே ஏறிவிடுகிறேன். ஒன்பது தொட்டிகளில் முள்ளுக் கத்திரி காய்த்திருக்கிறது. எனக்கு முன்னால் ஜூலி ஓடிப்போய், ஈரத் தொட்டியின் நிழலில் வயிறு படப் படுத்துக்கொள்கிறது. நாட்டு நாய்தான், பெயர் மட்டும் இங்கிலீஷ்.

விதை இலவம்பாடியிலிருந்து வந்தது. அணைக்கட்டு தாலுகா. இலையில் முள், தண்டில் முள், காம்பில் முள். பறிக்கும்போது ஒருமுறையாவது குத்தாமல் விடாது. ஆனால் எண்ணெயில் வதக்கினால் வெண்ணெயாகக் குழையும். 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் அப்போதுதான் கிடைத்தது. பேப்பரில் செய்தியைப் பார்த்த என் பேரன், "தாத்தா, உங்க கத்திரிக்காய் வந்திருக்கு" என்று ஓடி வந்தான். சந்தோஷம்தான். ஆனால் என் கத்திரிக்காய் செத்து நாற்பது வருஷம் ஆகிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

எங்கள் கிராமம் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே, பாலாற்றங்கரையில். பின்கட்டில் கிணறு, கிணற்றடியில் துவைகல், அங்கிருந்து வழிகிற தண்ணீரில் அம்மா போட்ட இருபது கத்திரிச் செடி, ஒரு முருங்கை, வேலியோரம் மல்லிகை. தண்ணீருக்குத் தனியாகப் பாடுபட்டதே இல்லை. ஆற்றில் தண்ணீர் ஓடுவது வருஷத்தில் கொஞ்ச நாள்தான் என்றாலும், மணலுக்கு அடியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். வைகாசியில்கூடக் கையால் மணலைத் தோண்டினால் முழங்கை ஆழத்தில் ஊற்று சுரக்கும். ஊற்றுக்கால்வாய் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுபோனார்கள். என் வயதுக்காரர்களுக்கு இதெல்லாம் நினைவிருக்கும்.

பக்கத்து வீடு பாய் வீடு. நடுவில் சுவர் கிடையாது, கிளுவை வேலிதான். பாய் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்த்தார். அவர் வீட்டு ஆடு வாரத்துக்கு ஒருமுறை வேலியில் புகுந்து கத்திரி இலையை மேயும். முள்ளைக்கூடப் பொருட்படுத்தாது. எங்கள் நாய் மணி குரைக்கும், அம்மா கத்துவாள், பாயம்மா ஓடி வந்து ஆட்டை அடித்து இழுத்துப் போவார். அன்று சாயங்காலமே அம்மா ஒரு முறம் கத்திரிக்காயை வேலிக்கு மேலே நீட்டுவாள். ரம்ஜான் அன்று பிரியாணி இந்தப் பக்கம் வரும். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்திரிக்காய்க் கறி இல்லாமல் ஆகாது. ஆக, எங்கள் செடியின் காய் எங்களுக்கே திரும்பி வரும்.

எப்போது மாறியது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. அந்தக் காலத்து டேனரிகளில் ஆவாரம் பட்டையை வைத்துத்தான் தோலைப் பதனிட்டார்கள். பாதி பதனிட்ட தோல் கப்பலில் போய்விடும். 1970களில் அரசாங்கம் அதைக் கட்டுப்படுத்தி, முழுசாக முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பச் சொன்னது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி, எங்கள் பக்கத்துக்கு வேலை. குரோமியம் போட்டுப் பதனிடுவது பெருகியது. டேனரிகளும் பெருகின.

எல்லோரும் குரோமியத்தைத்தான் சொல்வார்கள். எங்கள் கிணற்றைக் கெடுத்தது உப்பு. அறுத்த மாட்டின், ஆட்டின் தோல் அழுகாமல் இருக்க, அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு உப்பைப் போட்டு அடுக்குவார்கள். டேனரிக்கு வந்ததும் முதல் வேலை ஊறப் போட்டு அந்த உப்பைக் கழுவுவது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று பிற்பாடு தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தத் தண்ணீர் ஓடைக்கும் ஆற்று மணலுக்கும் போனது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் படியவைத்துப் பிரிக்கலாம். உப்பு கரைந்த தண்ணீரை அப்படிப் பிரிக்க முடியாது. மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் போகிற அதே வழியில் இதுவும் போகும்.

முதலில் கண்டுபிடித்தது மணி. கிணற்றடித் தொட்டியில் வாயை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. வெயிலுக்கு நாய் கிறுக்குப் பிடித்து நிற்கிறது என்று நினைத்தோம். அப்புறம் துவரம்பருப்பு வேகவில்லை. அப்புறம் கத்திரி இலையின் ஓரம் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகியது. அம்மா சாம்பல் போட்டாள், எரு போட்டாள், வேப்பம்புண்ணாக்கு போட்டாள். மூன்றாம் வருஷம் நாற்றே பிழைக்கவில்லை. விதைக்கென்று முற்ற விட்ட காய் ஒன்றுகூட இல்லாமல் போனது. அந்த விதை அம்மா தன் பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தது.

என் அப்பா ஒருநாள் வேலியோரம் நின்று பாயிடம் சத்தம் போட்டார். "உங்க கம்பெனிக்காரன் எங்க கிணத்துல மண்ணைப் போட்டுட்டான்." பாய் பதில் பேசவில்லை. சுண்ணாம்பு தின்ற விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கிணறும் அதே கிணறுதானே? பாயம்மாவும் அம்மாவும் ஒரே டிராக்டர் தண்ணீருக்குத்தான் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்பா அன்று அப்படிப் பேசியது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

1991-ல் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னார்கள். இன்று எந்த ஊர்ச் சட்டக் கல்லூரியிலும் 'வேலூர்' என்றால் கோட்டைக்கு அடுத்து இந்த வழக்குத்தான். டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். தமிழ்நாட்டில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழானது என்ற மதிப்பீடும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதன்பின் அமைத்த இழப்பீட்டு ஆணையம் 2001-ல் 29,000-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. வகுத்துப் பாருங்கள், தலைக்குப் பத்தாயிரம்கூட வராது. எங்கள் அறுபது சென்டுக்கு வந்த காசில் அப்பா போர் போட்டார். அதுவும் உப்பு. நிலமில்லாத பாய்க்கு ஒன்றும் வரவில்லை.

2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே விஷயத்தில் தீர்ப்புச் சொன்னது. அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு டேனரிகளிடம் வசூலிக்க வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கண்காணிப்புக் குழு வேண்டும் என்றார்கள். அப்பாவும் இல்லை, பாயும் இல்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை கிணறு பழையபடி ஆனது. 2021 நவம்பரில் பாலாற்றில் கரை கொள்ளாத வெள்ளம் வந்ததே, அப்போது. (1903 வெள்ளத்துக்கு வாணியம்பாடியில் நினைவுத் தூண் இருக்கிறது. அதற்கப்புறம் நாங்கள் கண்ட பெரிய வெள்ளம் இதுதான்.) பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பாயம்மா கிணற்றுத் தண்ணீரைச் சொம்பில் கொடுத்தார். "குடிச்சுப் பாரு தம்பி, உங்கம்மா காலத்துத் தண்ணி." உண்மைதான், இனித்தது. அடுத்த கோடைக்குள் திரும்பவும் கரித்தது.

பாயம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அதே வீட்டில்தான் இருக்கிறார். பேத்தி ஷூ கம்பெனியில் தையலுக்குப் போகிறாள். அந்தச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது. வேலியும் இல்லை, ஆடும் இல்லை. மூன்று பூனைகள் இருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு கிலோ முள்ளுக் கத்திரி கொண்டுபோய்க் கொடுத்தேன். காம்பைத் தடவினார். முள் குத்தியது. சிரித்தார். உடனே கேட்டார்.

"எந்தத் தண்ணியில வளத்தே?"

"காவிரித் தண்ணி, பாயம்மா. மேட்டூர்ல இருந்து குழாய்ல வருது."

"காவிரியா? இங்கயா?" என்றார். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காயாகத் தட்டிப் பார்த்து, நன்றாக முற்றிய ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக ஜன்னலில் வைத்தார். விதைக்கு.