ஊர் அணிகள் வளர்ந்த வரலாறு

தோற்றுவாய்

இரும்புப் பாதையே இல்லாத ஒரு தீவில் வாழும் தமிழ் மக்கட்கு, இரும்புப் பாதையையே நம்பி வயிறு வளர்க்கும் எழுத்தன் ஒருவன் கட்டுரை வரைவது சற்று வேடிக்கையாகத் தோன்றலாம். என் தமக்கையார் குடும்பம் ஹேவ்லாக்கில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் அரசினர் இத்தீவுக்குச் 'சுவராஜ் தீவு' எனப் பெயர் சூட்டினர். எனினும் தமக்கையார் எழுதும் கடிதங்களில் ஊர்ப்பெயர் இன்றும் ஹேவ்லாக்கே. சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு அவர் பணித்தார். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டவன் யான். ஆயினும் மூத்தவர் சொல்லைத் தட்டுதல் முறையன்று.

அக்கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது. "உன் மருமகன் பந்து நன்றாக எறிகிறான் என்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அவனை அக்கரைக்கு அனுப்பட்டுமா, வேண்டாமா?" பதினான்கு வயதுப் பிள்ளை, சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் வழி. இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்த யான், பெரிய ஆட்டக்காரர்கள் எவ்வாறு உருவாகின்றனர் என்னும் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்தவற்றுள் சிலவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

அமெரிக்க நாட்டில்

நமக்குக் கிரிக்கெட் எப்படியோ அப்படியே அமெரிக்க மக்கட்குப் பேஸ்பால். அந்நாட்டில் மாநகரங்களின் புகழ்பெற்ற அணிகள் மோதும் பெரிய லீக் ஒருபுறம் இருக்க, சிற்றூர்களும் நடுத்தர ஊர்களும் தத்தமக்கென அணி வைத்து ஆடும் சிறிய லீக்குகள் மற்றொருபுறம் நெடுங்காலமாக உள்ளன. 1901-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இச்சிறு லீக்குகளின் தலைவர்கள் சிக்காகோ நகரில் கூடித் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். பெரிய அணிகள் தங்கள் ஆட்டக்காரரைக் கேட்பாரின்றிப் பறித்துச் செல்வதைத் தடுத்தலே அதன் முதல் நோக்கம்.

1920-களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மேலாளர் பிராஞ்ச் ரிக்கி என்பார் புதியதொரு முறையைக் கண்டார். செல்வம் மிக்க அணிகளோடு போட்டியிட்டு ஆட்டக்காரரை விலைக்கு வாங்க அவரிடம் பொருள் இல்லை. ஆகவே சிற்றூர் அணிகளைத் தம் அணியின் உடைமையாக்கி, நாற்றங்காலில் நாற்று வளர்ப்பது போல இளைஞரை அங்கே வளர்த்து, முற்றியவரை மேலே கொணர்ந்தார். மற்ற அணிகளும் அவ்வழியே பின்பற்றின. நிறவெறி மலிந்திருந்த அக்காலத்தில், கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சனை அதே ரிக்கி 1946-இல் மான்ட்ரியால் ஊரின் சிறு அணியில் முதலில் ஆடச் செய்து, 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் அணியில் களமிறக்கினார். பெரிய லீக்கின் கதவு திறக்குமுன் சிறிய லீக்கின் கதவு திறந்தது என்பதை நாம் உளங்கொள்ளல் வேண்டும்.

1949-இல் அந்நாட்டில் 59 சிறு லீக்குகள் இயங்கின. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் நுழைவுச்சீட்டு வாங்கிக் கண்டனர். பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. வீட்டிலிருந்தவாறே பெரிய ஆட்டத்தைக் காணலாம் என்றானபின், உள்ளூர்த் திடலுக்குச் செல்வார் அருகினர். சில ஆண்டுகளுக்குள் பல லீக்குகள் மறைந்தன.

மறையாதவையும் உண்டு. 1950-களின் இறுதியில் கார்டினல்ஸ் நிறுவனம் ராச்செஸ்டர் நகரின் அணியைக் கைவிட முனைந்தபோது, அவ்வூர் மக்கள் வாளா இருக்கவில்லை. சுமார் 8,000 பேர் ஆளுக்குச் சில பங்குகள் வாங்கி, அணியைத் தமதாக்கிக்கொண்டனர். அவ்வணி இன்றளவும் அவ்வூரில் ஆடுகின்றது.

அதே ராச்செஸ்டர் அணி 1981 ஏப்ரல் 18-ஆம் நாள் மாலை பாடக்கெட் என்னும் ஊரில் ஆடத் தொடங்கிய ஆட்டம் ஒன்று முடிவே காணாமல் மறுநாள் விடியற்காலை நான்கு மணி கடந்தும் நீண்டது. நிறுத்தப்பட்டபோது குளிரில் எஞ்சியிருந்த பார்வையாளர் 19 பேரே. ஜூன் 23-ஆம் நாள் மீண்டும் தொடங்கிய அவ்வாட்டம் பதினெட்டே நிமிடத்தில் பாடக்கெட்டின் வெற்றியோடு முடிந்தது. இருபுறமும் ஆடியவருள் கால் ரிப்கென், வேட் பாக்ஸ் என்னும் இருவர் பிற்காலத்தில் நாடு போற்றும் வீரராயினர். அந்த 19 பேர் வருங்காலத்தைத் தம் கண்ணெதிரே கண்டனர் என்பதை அன்று அறியார்.

நம் நாட்டினர் இருவரும் இப்படிகளில் ஏறினர். ஈட்டி எறிபவர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோர் 2008-இல் ஒரு போட்டியின் வாயிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் அணியின் கீழ்ச் சிறு லீக்கில் ஆடினர். பெரிய லீக்கை அவர்கள் எட்டவில்லை. ஆயினும் அவர்தம் கதை 2014-இல் திரைப்படமாயிற்று. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ. ஆர். ரகுமான்.

சென்னையில்

இனி நம் தாயகத்துக்கு வருவோம். சென்னையில் 1846-இல் வெள்ளையர் தமக்கெனக் கிரிக்கெட் கிளப் அமைத்தனர். இந்தியர்க்கு அங்கு இடமில்லை. அந்நாளில் புச்சி பாபு நாயுடு என்னும் செல்வர் 1888-இல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்து, நம்மவர்க்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். வெள்ளையரும் இந்தியரும் எதிர்நின்று ஆடும் ஆட்டத்துக்கு அவர் ஏற்பாடு செய்தார். அதனைக் கண்ணாற் காணுமுன் 1908-இல் அவர் மறைந்தார். ஆயினும் அவ்வாட்டம் வளர்ந்து, 1915 முதல் பொங்கல் நாட்களில் சேப்பாக்கத்தில் நடைபெறும் திருவிழாவாகவே ஆகி, 1952 வரை நின்றது.

ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் சேப்பாக்கத்திலேதான் 1934 நவம்பர் 4-ஆம் நாள் நடந்தது. சென்னை அணி மைசூர் அணியை ஒரே நாளில் வென்றது. ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்தினார். சென்னை 1954-55-இல் அக்கோப்பையைக் கைப்பற்றியது. தமிழ்நாடு என்னும் பெயரில் 1987-88-இல் மீண்டும் வென்றது.

இவ்வெற்றிகட்குப் பின்னின்றது சென்னை லீக் ஆகும். அமெரிக்காவில் ஊர்கள் அணி வைத்தன; சென்னையிலோ கிளப்புகளும், பாங்குகளும், சிமெண்டு, இரசாயனம் முதலிய ஆலைகளும், அரசுத் துறைகளும் அணி வைத்தன. ஆடத் தெரிந்த ஏழைப் பிள்ளைக்கு அங்கே வேலை கிடைத்தது. வேலை கிடைத்ததால் ஆட்டம் நிலைத்தது. என் துறையைச் சொல்லாமல் விடுதல் ஆகாது. இரயில்வே அணி 1958-59 முதல் ரஞ்சிக் கோப்பையில் ஆடிவருகின்றது. 2001-02-இலும் 2004-05-இலும் கோப்பையையும் வென்றது. பின்னாளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, சென்னை மக்களின் செல்லப்பிள்ளையாகவும் ஆன தோனி, கரக்பூரில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவரே.

ஆயினும் இவ்வமைப்பில் ஒரு குறை இருந்தது. ஏணியின் அடிப்படி சென்னையில் நின்றது. சேலத்திலோ நெல்லையிலோ பிறந்தவன் ஏணியைத் தொடுவதற்கே இரயிலேற வேண்டும். பார்சல் அலுவலகத்தில் பணியாற்றிய நாட்களில், சனிக்கிழமை இரவு வண்டியில் மட்டைப் பையைத் தலைக்கு அணையாக வைத்து, இருக்கையின்றித் தரையிலே படுத்துச் சென்னைக்குச் செல்லும் இளைஞர் பலரை யான் கண்டதுண்டு. திங்கட்கிழமை காலை அவர்களுள் சிலர் வருவர். சிலர் முகம் பிறகு காணப்படுவதில்லை.

மாவட்ட அணிகள்

2016 ஆகஸ்டில் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியது. சேப்பாக்கம், தூத்துக்குடி, திண்டுக்கல், காரைக்குடி, கோவை, மதுரை, திருவள்ளூர், காஞ்சி என எட்டு அணிகள். சென்னையோடு நில்லாமல், திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும் விளக்கொளியில் ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆண்டுக் கோப்பையைத் தூத்துக்குடி வென்றது. 2008-இல் தோன்றிய இந்தியன் பிரீமியர் லீக்கின் தேர்வாளர்கள் இங்கு வந்து இளைஞரைக் கண்டெடுத்தனர்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த நடராசனை அறியாதார் இரார். எளிய குடும்பத்துப் பிள்ளை. ஊர்த்திடலில் டென்னிஸ் பந்து எறிந்து பழகி, சென்னை லீக்கின் கீழ்ப்பிரிவில் தொடங்கி, 2015-இல் ரஞ்சி ஆட்டத்தை எட்டினார். எறியும் முறை ஐயத்துக்குரியது என்று குறிக்கப்பட்டது. சோர்ந்துவிடாமல் அதனைத் திருத்திக்கொண்டு மீண்டார். 2016-இல் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். மறு ஆண்டே பஞ்சாப் அணி மூன்று கோடி ரூபாய்க்கு அவரை எடுத்தது. 2020-21-இல் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிப் பந்து வீச்சாளராகச் சென்றவர், அதே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காகக் களமிறங்கினார். பொருள் வந்தபின் அவர் தம் ஊரில் ஒரு கிரிக்கெட் திடல் அமைத்தார். 2023-இல் அது திறக்கப்பட்டது. தாம் ஏறிய ஏணியின் முதற்படியைத் தம் ஊருக்கே கொண்டுசென்றார் எனலாம்.

கட்டடக் கலை பயின்ற வருண் சக்கரவர்த்தியும் இவ்வழி வந்தவரே. 2018-இல் மதுரை அணி கோப்பை வெல்லத் துணைநின்றவர், 2025-இல் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற இந்திய அணியில் இடம்பெற்றார்.

நாணயத்தின் மறுபக்கத்தையும் காட்டுவது என் கடமை. காஞ்சியின் அணி மறு ஆண்டே திருச்சியின் பெயர் பூண்டது. முதற்கோப்பை வென்ற தூத்துக்குடியின் அணி பின்னர்ச் சேலத்து அணியாயிற்று. காரைக்குடியின் அணி திருப்பூருக்குப் போயிற்று; திருப்பூர்ப் பெயரில் 2025-இல் கோப்பையும் வென்றது. தூத்துக்குடியும் காரைக்குடியும் தம் பெயரால் ஓர் அணி இருந்ததை நினைவில் மட்டும் வைத்துள்ளன. அவ்வூர்களின் திடல்களில் அவ்வணிகள் லீக் ஆட்டம் ஆடியதில்லை. ஆகவே அணி போனபோது தடுப்பாரும் இலர். அமெரிக்காவிலும் இக்கதையே. 2021-இல் பெரிய லீக்கின் ஆளுநர்கள் தம்மோடு இணைந்த சிறு அணிகளை 160-லிருந்து 120-ஆகக் குறைத்தனர். மேற்சொன்ன நீண்ட ஆட்டம் நிகழ்ந்த பாடக்கெட் ஊரின் அணியும் அவ்வாண்டே வூஸ்டர் நகருக்குப் பெயர்ந்தது. ராச்செஸ்டர் அணி மட்டும் பெயராமைக்குக் காரணம் யாது? மக்கள் அதனைத் தம் கைப்பொருளால் தமதாக்கிக்கொண்டமையே.

தீவினர்க்கு

2018-19-இல் ரஞ்சிக் கோப்பையில் ஒன்பது புதிய அணிகள் சேர்ந்தன. புதுச்சேரி அவற்றுள் ஒன்று, அந்தமான் இல்லை. அதனால் மனம் தளர வேண்டா. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உயிர் தப்பிய கார் நிகோபார்ச் சிறுமி டெபோரா மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியாவின் முன்னணி வீராங்கனையானார். நிகோபாரின் ஈசோ 2018-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த உலக இளையோர் பந்தயத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அலைகடல் நடுவே பிறந்தவர்க்கு ஆற்றல் குறைவில்லை. முதற்படி அருகில் இருத்தலே வேண்டுவது.

ஆகவே தமக்கையாருக்கு யான் எழுதிய விடை இது: "பிள்ளையை இவ்வாண்டு அனுப்ப வேண்டா. பள்ளியிறுதி முடியட்டும். அதற்குள் அங்கேயே அவன் ஏறுவதற்கு ஒரு படி கட்டுங்கள்."

அப்படி எது? சங்கத்தார்க்கு என் சிறு விண்ணப்பத்தைச் சொல்லுகின்றேன். பண்டு சென்னையில் நடந்தது போலப் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் சிறுவர் ஆட்டம் ஒன்று வையுங்கள். கோவிந்தநகர், விஜயநகர், கிருஷ்ணாநகர், ராதாநகர் எனக் கிராமத்துக்கு ஓர் அணி. தமிழ்ப் பிள்ளை, வங்காளிப் பிள்ளை என்ற பிரிவு வேண்டா. ஊர்ப்பெயரே அணியின் பெயர். செலவுக்கு ஒருவரை நம்பாமல் வீட்டுக்குச் சிறு தொகை திரட்டுங்கள்.

எழுத்தன் என்ற முறையில் மற்றொன்றும் வேண்டுவேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணக்கெழுத ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். யார் எத்தனை ஓட்டம், யார் எத்தனை விக்கெட் என்பவற்றைப் பந்துக்குப் பந்து பதியுங்கள். எழுதப்படாத ஆட்டம் மறுநாளே மறைந்துபோம். மூன்றாண்டுக் கணக்கோடு ஒரு பிள்ளை அக்கரையில் வந்து இறங்குவானாயின், அவன் 'நன்றாக எறிவான்' என்று யாரும் வாய்ச்சொல்லால் பரிந்துரைக்க வேண்டியதில்லை; ஏடே சொல்லும். அன்று அவனை எழும்பூர் நிலையத்தில் எதிர்கொண்டழைக்க மாமன் யான் இருக்கின்றேன். முதல் நோட்டுப் புத்தகத்தின் விலையையும் இக்கட்டுரையோடு அனுப்பியுள்ளேன்.

வளர்க நம் சங்கம்! வாழ்க தீவுத் தமிழ் மக்கள்!